ஒட்டுநாடாவில் நின்ற ரேடியோ

அமெரிக்காவின் வயோமிங் மாநில நெடுஞ்சாலைக் கடையில் லோரீன், லாரிக்காரர்கள் ஓட்டும்போது ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் தன் சிபி ரேடியோவை, உடைந்த நிலையில், மேஜைமேல் பொத்தென்று போட்டாள். இருபது வருடமாக லாரி ஓட்டுகிறவள். போன மாதம் இந்த ரேடியோவை அவளுக்கு விற்று, டாஷ்போர்டில் ஒட்டுநாடாவால் ஒட்டிக்கொடுத்தவன் கடைக்காரன் டுவெய்ன்தான்.

"நேத்து பனிக்காத்துல இது கழண்டு பிரேக்குக்கு அடியில போய் மாட்டிக்கிச்சு, டுவெய்ன். முன்னாடி ரெண்டு லாரி கவுந்து கிடக்குன்னு இதுலயே ஒருத்தன் கத்துறான். எனக்குப் பிரேக்கை மிதிக்க முடியல. எட்டி உதைச்சுத் தள்ளி, பத்தடிக்கு முன்னாடி நிறுத்தினேன்."

டுவெய்ன் அவள் முகத்தைப் பார்க்காமல் பெரிய ரேடியோ ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினான். "இதைப் பாரு. ஏழு கலர்ல லைட்டு எரியும்."

"நான் என்ன ராட்டினமா ஓட்டுறேன்?"

அவள் பெட்டி பெட்டியாகத் திருப்பி, மாட்டும் இரும்புச் சட்டத்தை மட்டும் பார்த்தாள். தலைக்கு மேலே திருகாணியால் பொருத்தக்கூடிய சின்ன ரேடியோவை எடுத்தாள்.

"இதுக்கும் நாடாவே தாங்கும்" என்றான் டுவெய்ன்.

லோரீனுக்கு ரத்தம் கொதித்தது. "டிரில்லை எடுத்துக்கிட்டு வண்டிக்கு வா."

லாரிக்குள் ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ரேடியோவை வைத்து அவன் நான்கு திருகாணிகளையும் முடுக்கினான். "இதைப் பிடிச்சு ரெண்டு கையாலயும் தொங்கு" என்றாள். தொங்கினான். ரேடியோ அசையவில்லை.

"மன்னிச்சுக்க, லோரீன்."

"இனி எவனுக்காவது நீ அந்த நாடாவை ஒட்டிவிட்டதா கேள்விப்பட்டா, போற வழியெல்லாம் இதுலயே உன் பேரை நாறடிப்பேன்."

அவள் வண்டியைக் கிளப்பும்போது, டுவெய்ன் கடை அலமாரியிலிருந்து நாடாச் சுருள்களை இறக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தான்.