சாதுவும் அடங்காப்பிடாரியும்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்று போர்வைகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், சாப்பாட்டு மேசையில் சாப்பாட்டைத் தவிர மற்ற எல்லாம் இருந்தது. லேசான பால்சா மரத்தகடுகள், பசை, உப்புத்தாள். நடுவில் என் வீட்டுக்காரர்.

“வந்துட்டியா? விலா வெட்டணும்” என்றார்.

விலா என்பது பொம்மை விமானத்தின் இறக்கைக்குள் வரிசையாக நிற்கும் மரத்துண்டு. அதன் வடிவம்தான் இறக்கையின் வடிவம். எங்கள் வீட்டு ஆணியில் அதற்கு இரண்டு அச்சுகள் தொங்கும். ஒன்றில் மேலும் கீழும் ஒரே வளைவு. அந்த இறக்கை வேகமாகப் போகும், குட்டிக்கரணம் போடும், கொஞ்சம் அசந்தால் தரையில் குத்தும். அதற்கு அடங்காப்பிடாரி என்று பேர் வைத்தது நான்தான். இன்னொன்றுக்கு மேலே மட்டும் வளைவு, அடி தட்டை. மெதுவாகப் போகும், ரிமோட்டிலிருந்து கையை எடுத்தாலும் தானே நிமிர்ந்துகொள்ளும். அது சாது.

“எந்த அச்சு?” என்று கேட்டேன், பதில் தெரிந்தே.

“இதென்ன கேள்வி? சாது கத்துக்குட்டிங்களுக்கு.”

லேத் பட்டறையில் மயிரிழை பிசகாமல் கடைந்த கை. நரம்பு வியாதி வந்தபிறகு டீயைக்கூடப் பாதி டம்ளர்தான் ஊற்றித் தருகிறேன். போன விமானம் செங்குத்தாக விழுந்து நொறுங்கியபோது, விமானம் விடும் மைதானத்துக் கூட்டாளிகள் “ரிமோட்டோட ரேடியோ கோளாறுப்பா” என்றார்கள். அவரும் ஆமாம் என்றார். நானும் தலையாட்டி வைத்தேன். அதன்பிறகு அவர் மைதானம் இருக்கும் திசையில் தலைவைத்துப் படுக்கவில்லை. இன்றுதான் மறுபடி மரத்தைத் தொட்டிருக்கிறார். இதுவும் விழுந்தால் இன்னொன்று செய்ய மாட்டார், ஜன்னலைப் பார்த்தே உட்கார்ந்துவிடுவார். அந்த முதுகைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப்போயிருந்தது.

சொல்லாமல் சாதுவையே வெட்டிவிடலாமா என்றும் நினைத்தேன். நடக்காது. விரலால் ஒருமுறை தடவினால் கண்டுபிடித்துவிடுவார். அதோடு, பொய் சொல்லவும் தெம்பு வேண்டுமே.

“உங்க கை நடுங்குது” என்றேன். “இந்தக் கைக்கு அடங்காப்பிடாரி அடங்காது.”

எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் அது. அவர் அச்சை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். நான் மேசையை ஒதுக்கினேன், இருந்ததைச் சாப்பிட்டேன், பாத்திரம் கழுவினேன். அழலாம் என்றால் அதற்கும் அசதியாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் வந்து பார்த்தால் விலாக்கள் தயாராக இருந்தன. தகடுகளை அச்சோடு அடுக்கி இறுக்கி, ஒரே கட்டையாகத் தேய்த்திருக்கிறார். அப்படித் தேய்த்தால் கை நடுங்கினாலும் எல்லாம் ஒன்றுபோல வரும். எடுத்துப் பார்த்தேன். அடி தட்டை.

நான் கேட்டதுதான். ஆனாலும் மனுஷன் விட்டுக்கொடுத்துவிட்டாரே என்று துக்கமாக இருந்தது.

“அடங்காப்பிடாரியே செஞ்சிருக்கலாம்ல” என்றேன், வாய் கூசாமல்.

“அதை நீ எப்படி ஓட்டுவ?”

எனக்குப் புரியவில்லை. அவர் ரிமோட்டை எடுத்து என் கழுத்தில் மாட்டினார். அதன் வார் என் உயரத்துக்குக் குறைக்கப்பட்டிருந்தது.

“நானா? வேலையிலதான் நாளெல்லாம் நிக்கிறேன். லீவு நாள்லயும் மைதானத்துல நிக்கணுமா?”

“யாரு நிக்கச் சொன்னா? நாற்காலிய நான் தூக்கிட்டு வரேன். கைதான் போச்சு, கண்ணு நல்லாத்தான் இருக்கு. நான் சொல்லச் சொல்ல நீ திருப்பு.”

என் கட்டைவிரலைப் பிடித்து ரிமோட்டின் குச்சிமேல் வைத்தார். அவர் பிடியில் என் விரலும் சேர்ந்து நடுங்கியது. கையை இழுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

“விழுந்துட்டா?” என்றேன்.

“ரேடியோ கோளாறுன்னு சொல்லிடலாம்” என்றார். “நம்ம கூட்டத்துல யாரும் மறுத்துப் பேச மாட்டாங்க.”