மற்றும் ஒருவர்

1

இந்தக் கதை ஒரு சாதனைப் பட்டியலில் பிறந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் இயற்பியல் துறைக்குத் தரம் பார்க்கும் ஆய்வுக்குழு வருகிறது, பட்டியலின் தமிழைக் கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள் என்றார்கள். பார்த்துக் கொடுத்தேன். ஷார்ஜாவில் ஃப்ரிட்ஜ் விற்கும் முன்னாள் மாணவர் இர்பான் அதில் 'தாழ்வெப்பநிலைத் துறையில் அயல்நாட்டுப் பணி' ஆனது என் கைவண்ணம்.

2

முதல் தொடக்கம்: 'காவிரி பாயும் தஞ்சைத் தரணியில் அறிவியலும் செழித்து...'

(வேண்டாம். வருஷம் 2003. ஆற்றில் ஓடியது மணல் லாரி.)

இரண்டாவது: 'ஹஃப்ஸா மூன்று வருஷமாக நெல் உமியை எரித்து, அதிலிருந்து சிலிக்கா எடுத்து, கண்ணாடிமேல் மெல்லிய படலமாகப் படியவைத்துக்கொண்டிருந்தாள்.'

இது இருக்கட்டும்.

படலம் படியவைக்கும் வெற்றிடக் கருவி அவள் ஒருத்திக்குத்தான் பணிந்தது. அதன் ரப்பர் வளையத்தை எந்தப் பக்கம் எவ்வளவு அழுத்தினால் காற்று கசியாது என்பது அவள் விரலுக்கு மட்டும் தெரியும். அந்த ஆய்வு சர்வதேசக் கருத்தரங்கில் பரிசு பெற்றது. துறைத்தலைவர் கண்ணுசாமி போய் வாங்கிவந்தார். பரிசில் உனக்குப் பங்குண்டு என்று துறையின் பட்டியல் சொன்னால் ஆராய்ச்சிக்கு இடம் தருகிறோம், வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு என்றது ஒரு ஜெர்மன் பல்கலைக்கழகம்.

3

வெள்ளிக்கிழமை காலை. பெயிண்டர் தங்கையன் ஏணியில் நின்று பட்டியலைத் தாழ்வாரத்துப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். 'பேராசிரியர் கண்ணுசாமி மற்றும் ஒருவர்.'

"அண்ணே, அந்த ஒருவர் யாரு?" என்றாள் ஹஃப்ஸா.

"தாள்ல இருக்கறத எழுதறேம்மா. யாராச்சும் சின்ன ஆளா இருக்கும்."

"நாந்தாண்ணே."

தங்கையன் குனிந்து பார்த்தார். "அட! முன்னாடியே வந்து நின்னுருக்கலாம்ல?"

கண்ணுசாமி வேகமாக வந்தார். "சார், ஜெர்மனிக்கு அனுப்பணும். பேரு..." என்றாள் ஹஃப்ஸா.

"அடுத்த வருஷம் போட்டுடலாம்மா. போர்டுல இடம் இல்ல பாரு. மாலை வந்துருச்சா, அதக் கேளு மொதல்ல."

(பலகையில் இடம் இருந்தது. தாளில்தான் வரி நீண்டது. அவள் பெயரை வெட்டி, அழகாக இருக்கட்டுமென்று 'மற்றும் ஒருவர்' போட்டவன் நான். கண்ணுசாமிக்கு அது வசதியாகப் போயிற்று. பழியை முழுக்க அவர் தலையில் கட்ட இரண்டு வரைவுகளில் முயன்றேன். அவர் தலையில் ஏற்கெனவே போதுமான அளவு பழி இருக்கிறது.)

4

குழு வந்தது. மாலை, பொன்னாடை, 'சாதனைகளின் சிகரமே' என்று ஒரு வரவேற்புரை. பிறகு எல்லோரும் கருவியின் முன் நின்றார்கள். கண்ணுசாமி சுவிட்சைப் போட்டார். பம்பு உறுமியது. காற்றழுத்தம் காட்டும் முள் இறங்கவில்லை. வளையத்தை அழுத்தினார், துடைத்தார், கும்பிடாத குறை.

"ஹஃப்ஸாம்மா! கொஞ்சம் உள்ள வாங்க!"

மூன்று வருஷத்தில் முதல் 'வாங்க.'

முடிவு ஒன்று: போகிறாள், முள் இறங்குகிறது, கைதட்டல், கண்ணுசாமிக்கு இன்னொரு... (இதுதான் நடக்கக்கூடியது. எழுதக் கை கூசுகிறது.)

முடிவு இரண்டு: திரும்பிப் பார்க்காமல் கும்பகோணம் பஸ் ஏறுகிறாள். (அவள் பட்டத்துக்குக் கையெழுத்துப் போடவேண்டியவர் யார் என்பதை மறந்துவிட்டேன்.)

அவள் ஏணியடியிலேயே நின்றாள்.

"அண்ணே, அந்தக் கடைசி வரி காஞ்சிடுச்சா?"

"ஈரந்தான். தொடச்சா போயிரும்."

"அப்பத் தொடச்சிட்டு என் பேர எழுதுங்க. எழுதினப்புறம் உள்ள போறேன்."

"எழுதறேன். யாரு மாத்தச் சொன்னான்னு கேட்டா?"

பட்டியலைத் திருத்தியவர் சொன்னார் என்றால் போதும். திருத்தியவர், அதாவது நான், உள்ளே, மூன்றாவது நாற்காலியில், குழுவுக்கு வைத்த முந்திரியைத் தின்றுகொண்டிருந்தேன்.

5

அவளுக்கான வரியை ஒருமுறை நான் முடித்துவைத்தாயிற்று. இன்னொருமுறை வேண்டாம். உள்ளே முள் இறங்கவில்லை; வெளியே பெயிண்ட் காய்கிறது. தங்கையன் துணியோடு நின்று, யார் சொன்னது என்று கேட்கிறார்.

வாசிக்கிற உங்களைத்தான்.