நாற்பத்தேழாம் எண் நாணயம்

ஓய்வு பெற்ற கர்னல் வாரன் ஹால்ஸ்டெட் தன் முகத்தை நாணயத்தில் அச்சடித்துக்கொண்டு வந்திருந்தார். பித்தளைக்கு மேல் தங்கப் பூச்சு, பக்கவாட்டில் அவர் மூக்கு, சுற்றிலும் அவருடைய புதுக் கம்பெனியின் பெயர். பெரிய ஆபீஸ்களுக்குப் போய்த் தலைமைப் பண்பு சொல்லிக்கொடுக்கிற கம்பெனியாம். கடைக்குள் நுழைந்ததிலிருந்து எதிர்ப்பட்டவர் கையையெல்லாம் பிடித்துக் குலுக்கி, குலுக்கும்போதே உள்ளங்கையில் ஒரு நாணயத்தை அழுத்திக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டில் தாம்பூலப் பை கொடுப்பவர்கூட இத்தனை வேகமாகக் கொடுக்க மாட்டார்.

கவுண்டரின் கோடியில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்த நாடின் திபடோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹால்ஸ்டெட் கேப்டனாக இருந்த காலத்தில் அவருக்குக் கீழே சார்ஜென்டாக இருந்தவள் அவள். இப்போது டென்னஸியின் இதே ஊரில் பள்ளிக்கூட பஸ்களுக்கு மெக்கானிக். மே மாதக் கடைசித் திங்கட்கிழமை, போரில் செத்தவர்களுக்கான நினைவு நாள். அன்று காலையில் கல்லறைக்குப் போய்விட்டு, மதியம் ராணுவ முகாம் வாசலுக்கு எதிரே இருக்கும் லோரீனின் சாப்பாட்டுக் கடையில் டெல்டா கம்பெனி என்ற அந்தப் பழைய படைப்பிரிவுக்காரர்கள் கூடுவது பதினான்கு வருஷப் பழக்கம். இத்தனை வருஷமும் ஹால்ஸ்டெட் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. இந்த வருஷம் அவருடைய கம்பெனிக்குப் படம் தேவைப்பட்டது, படத்தில் நிற்கப் பழைய சிப்பாய்கள் தேவைப்பட்டார்கள். அதனால் ஒரு போட்டோக்காரனையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஜன்னலோர மேஜையில் ஓபல் ஓவர்ட்டன் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மகன் டேரியஸ் டெல்டா கம்பெனியில் டிரைவராக இருந்து ஆப்கானிஸ்தானில் செத்தவன். முழங்கால் இரண்டும் போய்விட்டன, ஆனாலும் வருஷம் தவறாமல் மெம்பிஸிலிருந்து பஸ் ஏறி வருவாள். லோரீன் பொரித்துக் கொடுக்கும் கெளுத்தி மீனைச் சாப்பிடுவாள். சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: என் பிள்ளையோட காயின் எங்கே? அவன் சாமான்கள் பெட்டியில் எல்லாம் வந்திருந்தன. பூட்ஸ் வந்தது, பைபிள் வந்தது, பாதி பிதுக்கிய பற்பசைகூட வந்தது. நாணயம் மட்டும் வரவில்லை. யாரைக் கேட்டாலும் தெரியாது என்றார்கள். நாடினும் தெரியாது என்றுதான் சொல்லிவந்தாள். அவள் சொன்னது முழுப் பொய்.

போருக்குக் கிளம்புவதற்கு முன்னால் டெல்டா கம்பெனியின் ஒவ்வொரு ஆளுக்கும் எண் பொறித்த நாணயம் ஒன்று கொடுத்தார்கள். கேப்டனுக்கு முதலாம் எண், நாடினுக்கு முப்பத்தொன்று, டேரியஸுக்கு நாற்பத்தேழு. வீட்டுக் கதவு எண்ணும் அதுதான் என்று அவன் அம்மாவுக்குப் போன் போட்டுச் சிரித்தான். அந்த நாணயத்தைக் குளிக்கப் போனாலும் கையோடு வைத்திருக்க வேண்டும். ஒருவர் தன்னுடையதை மேஜையில் தட்டினால் மற்றவர்கள் அத்தனை பேரும் எடுத்து வைக்க வேண்டும். இல்லாதவன் எல்லாருக்கும் வாங்கித் தர வேண்டும், எல்லாரிடமும் இருந்துவிட்டால் தட்டியவன் தலையில் செலவு. இன்னொருத்தன் நாணயத்தைத் தொடக் கூடாது, மேஜையில் கிடக்கும்போது குனிந்து பார்த்துக்கொள்ளலாம். ஒருவர் கையில் கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான். அதைத் திருப்பிக் கேட்பவனை மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள்.

அப்படிக் கையில் கொடுத்ததைத்தான் ஹால்ஸ்டெட் பிடுங்கினார். டேரியஸ் வண்டிச் சோதனைத் தாளில் எழுதியிருந்தான்: டிரைவர் பக்கக் கதவின் பூட்டு சிக்கிக்கொள்கிறது, உள்ளேயிருந்து திறக்க வரவில்லை, இந்த வண்டி வெளியே போகக் கூடாது. எழுதியதை அடிக்கச் சொன்னார். மாட்டேன் என்றான். மறுநாள் காலை அணிவகுப்பில் அத்தனை பேர் முன்னாலும் கையை நீட்டி, பயந்தாங்கொள்ளிக்கு இது எதற்கு என்று சொல்லி நாணயத்தை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். பிறகு நாடினைக் கூப்பிட்டுப் புதுத் தாளைக் கொடுத்தார். குறை ஒன்றுமில்லை என்று அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பதவி உயர்வு நெருங்கிக்கொண்டிருந்த நேரம். கேப்டன் சொன்னதைத் தட்ட முடியுமா என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் அந்த வண்டி வாய்க்காலில் புரண்டது. மேலே இருந்த இரண்டு பேரும் நீந்தி வெளியே வந்தார்கள். பின் வண்டியில் வந்த நாடின் தண்ணீரில் குதித்துக் கதவைப் பிடித்து இழுத்தாள், சங்கிலி போட்டும் இழுத்தாள். கதவு திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டிரைவர் வேகமாகத் திருப்பினான் என்று விசாரணை அறிக்கை வந்தது. செத்தவன் மேல் பழியைப் போட்டால் அவன் எழுந்து வந்து பேசவா போகிறான்.

சாகும்போது பக்கத்தில் இருந்தவர்கள் கல்லறையில் கால் டாலர் வைப்பது அங்கே வழக்கம். இன்று காலையும் நாடின் டேரியஸின் கல்லில் ஒரு கால் டாலர் வைத்துவிட்டுத்தான் வந்தாள். வைக்கும்போது ஒவ்வொரு வருஷமும் அவளுக்குத் தன் கையையே வெட்டிப் போடலாம் போலிருக்கும்.

ஹால்ஸ்டெட் இப்போது ஓபலின் மேஜைக்கு வந்திருந்தார். போட்டோக்காரன் முட்டி போட்டு உட்கார்ந்தான். கர்னல் ஓபலின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கையை விரித்துப் பார்த்த ஓபல், இது யார் முகம் என்று கேட்டாள். தன்னுடையதுதான் என்று அவர் கொஞ்சம் கூச்சப்படுவதுபோலச் சொன்னார். ஓபல் அதை மீன் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, தன் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

கர்னல் தொப்பியைக் கழற்றினார். குரலையும் தாழ்த்திக்கொண்டார்.

"அது அவனோடயே தண்ணியில போயிடுச்சும்மா. கடைசி வரைக்கும் நெஞ்சுப் பையிலதான் வச்சிருந்தான். நானே என் கண்ணால பாத்தேன்."

 அங்கே இருந்த பழைய சிப்பாய்கள் பன்னிரண்டு பேரும் அந்தக் காலை அணிவகுப்பில் நின்றவர்கள்தான். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பழைய கேப்டன் முன்னால் பழைய பயம் நாக்கைப் பிடித்துக்கொண்டது. பொறுக்கித்தனத்தைக்கூட இத்தனை மரியாதையான குரலில் செய்ய முடியுமா என்று நாடினுக்குக் கோபம் வந்தது. தானும் பதினான்கு வருஷம் அதையே சொல்லிவந்தவள் என்ற நினைப்பு வந்ததும் கோபம் இன்னும் ஏறியது. பையில் கையை விட்டாள், தன் நாணயத்தை எடுத்துக் கவுண்டரில் ஓங்கித் தட்டினாள்.

எல்லாரும் நாணயங்களை எடுத்து வைத்தார்கள். எப்போதும் ஏதாவது கிண்டல் அடிக்கும் தடியன் டஃபி ஷூவுக்குள்ளிருந்து தன்னுடையதை உருவினான். கர்னலும் சிரித்துக்கொண்டே கவுண்டருக்கு வந்து, கோட்டின் உள்பையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார், எண் இருக்கும் பக்கம் கீழே இருக்கும்படி.

"என்ன சார்ஜென்ட், என்னையே மடக்கலாம்னு பாத்தியா? செலவு உன் தலையிலதான்," என்றார்.

நாடின் குனிந்து பார்த்தாள். நாணயத்தின் விளிம்பில் ஒரு நசுங்கல் இருந்தது. சோடா பாட்டில் மூடியை நாணயத்தாலேயே நெம்பித் திறக்கிற கெட்ட பழக்கம் டேரியஸுக்கு. அதற்காக அவள் அவனை எத்தனையோ தரம் திட்டியிருக்கிறாள். முதலாம் எண்ணை ஹால்ஸ்டெட் எங்கே தொலைத்தாரோ யாருக்குத் தெரியும். தொலைத்ததும் பிடுங்கியது கைவசம் இருந்திருக்கிறது. யார் புரட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று பதினான்கு வருஷம் அதை வைத்துக்கொண்டு ஓசியில் குடித்திருக்கிறார். நாளடைவில் தன்னுடையது என்றே நம்பியிருப்பார்.

விதிப்படி அவள் அதைத் தொடக் கூடாது. ஓபலைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஓபல் அம்மா, கர்னலோட காயினப் பாருங்க. டேரியஸோடதும் அதே மாதிரிதான் இருக்கும்."

ஓபலால் சட்டென்று எழுந்து வர முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டினாள். "இங்க கொண்டா தம்பி, நானும் பாக்கறேன்."

போட்டோக்காரன் கேமராவைத் தூக்கினான். ஹால்ஸ்டெட்டுக்கு அந்த ஒன்று போதும். இந்த வருஷம் முழுக்க நீட்டிய கையிலெல்லாம் நாணயம் வைத்துப் பழகிய ஆள். கவுண்டரில் வைத்ததை எடுத்துக்கொண்டு இரண்டு எட்டில் போய், முகத்தைக் கேமரா பக்கம் திருப்பிக்கொண்டு, அதை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

டஃபியின் கையிலிருந்த பாட்டில் பாதி வழியில் நின்றுவிட்டது.

ஓபல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நாணயத்தைப் புரட்டினாள். கட்டைவிரலால் எண்ணைத் தடவினாள். ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

"நாப்பத்தேழு," என்றாள். "இது எங்க வீட்டு நம்பர்."

 ஹால்ஸ்டெட் டேரியஸின் நினைவாகத்தான் வைத்திருந்ததாகவும், உரிய நேரத்தில் கொடுக்கத்தான் இருந்ததாகவும் ஏதேதோ சொன்னார். தண்ணியோடு போனது என்று சொல்லி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குச் சோறாவது வேண்டாமா. சொல்லிக்கொண்டே நாணயத்தை எடுக்கக் கையை நீட்டினார். நாடின் நடுவில் வந்து நின்றாள்.

"கையில குடுத்தா குடுத்ததுதான் சார். எல்லாரும் பாத்தாங்க. போட்டோகூட இருக்கு."

"யார்கிட்டப் பேசறேன்னு ஞாபகம் இருக்கட்டும், சார்ஜென்ட்."

"நான் பஸ் மெக்கானிக். எனக்கு நீங்க யாருமில்ல."

அவள் பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. டஃபி எழுந்து நின்றான், மற்றவர்களும் எழுந்தார்கள். கர்னலின் கை தானாக இறங்கியது.

ஓபல் அவரைப் பார்க்கவே இல்லை. நாடினைப் பார்த்து, இது எப்படி இந்த ஆள் பைக்கு வந்தது என்று கேட்டாள். நாடின் எல்லாவற்றையும் சொன்னாள். கதவுப் பூட்டு, சோதனைத் தாள், அணிவகுப்பில் நீட்டிய கை. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் அந்தக் கடையில் யாரும் அவளைக் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒருத்தனைத் திருடன் என்று சொல்லிவிட்டுத் தன் தப்பை மறைத்துக்கொள்ள அவளால் முடியவில்லை.

"புதுத் தாள்ல கையெழுத்துப் போட்டது நான்தாம்மா. வண்டியில குறை எதுவும் இல்லன்னு எழுதினேன். இருந்ததுன்னு எனக்குத் தெரியும்."

 ஓபல் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தாள். எழுந்தது முழங்கால் அல்ல, கோபம். கவுண்டர் வரை நடந்து வந்து நாற்பத்தேழாம் எண் நாணயத்தை அதன் மேல் ஓங்கி அறைந்தாள்.

"இதானே உங்க விளையாட்டு? எல்லாரும் எடுங்க."

பன்னிரண்டு நாணயங்கள் கவுண்டரில் கிடந்தன. ஹால்ஸ்டெட் பையில் கையை விட்டார். அவரிடம் இருந்ததெல்லாம் அவர் முகம் போட்டவைதான். அதில் ஒன்றை எடுத்து வைத்தார். லோரீன் ஒரு விரலால் அதைத் திரும்பத் தள்ளிவிட்டாள். கடைக்காரியாக இருபத்தாறு வருஷம் இந்த விளையாட்டைப் பார்த்தவள் அவள்.

"இது விசிட்டிங் கார்டு. இங்க செல்லாது," என்றாள்.

அவர் நோட்டுகளை எடுத்துக் கவுண்டரில் எறிந்துவிட்டு வெளியே போனார். போட்டோக்காரன் கேமராவை மூடிக்கொண்டு பின்னால் ஓடினான். அந்தப் பணத்தில் யாரும் ஒரு வாய் குடிக்கவில்லை. லோரீன் நோட்டுகளை எடுத்து, அவர் கார் கிளம்புவதற்குள் அதன் மேலேயே வீசச் சொல்லி டஃபியை அனுப்பினாள்.

ஓபல் மகனின் நாணயத்தைக் கைக்குட்டையில் முடிந்து கைப்பையில் வைத்தாள். நாடின் தன் முப்பத்தொன்றை எடுத்து அவளிடம் நீட்டினாள். இனிமேல் இதை வைத்திருக்கத் தனக்கு யோக்கியதை இல்லை என்றாள். 

ஓபல் வாங்கவில்லை. நாடினின் விரல்களைப் பிடித்து நாணயத்தின் மேல் மடக்கினாள். தடவிக்கொடுக்கிற பிடி இல்லை அது, வலித்தது.

"எங்கிட்டக் குடுத்துட்டுக் கைய வீசிக்கிட்டுப் போகலாம்னு பாக்காத. இது உங்கிட்டத்தான் இருக்கணும். அடுத்த வருஷமும் வருவேன், அதுக்கு அடுத்த வருஷமும் வருவேன். நான் தட்டுறப்பல்லாம் நீ எடுத்து வைக்கணும்."