இருநூற்றுப் பன்னிரண்டு குளியலறைகள்

மூன்றாவது மாடிக் குளியலறைகளை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டே வந்தார் சூப்பர்வைசர். கேளிக்கைப் பூங்காவை ஒட்டி எழும்பிக்கொண்டிருந்த அந்த ஓட்டலைக் கடலடி அரண்மனை மாதிரி கட்டிக்கொண்டிருந்தார்கள். சங்கு வடிவ வாஷ்பேசின், ஆக்டோபஸ் கைகளில் விளக்குகள், சுவரெல்லாம் மீன் செதில் போல நீல டைல்ஸ். அறைக்கு ஒன்றாக இருநூற்றுப் பன்னிரண்டு குளியலறைகள். எதிலும் ஒரு கீறல் விழக்கூடாது என்பது மேலிடத்து உத்தரவு.

கடைசி அறையில், டைல்ஸ் இடுக்குகளுக்கு வெள்ளைச் சிமென்ட் பூசுகிறவள் சுவரோடு சரிந்து கிடந்தாள். விரல்கள் எப்போதும் வெளுத்தே இருப்பதால் எல்லாருக்கும் அவள் வெள்ளைக்கை அக்கா. கூட வேலை செய்யும் அவளுடைய நாத்தனார் துண்டால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"கூப்பிட்டா கண்ணே தொறக்க மாட்டேங்குறாங்க சார். உடம்பு நெருப்பா கொதிக்குது!"

சூப்பர்வைசர் சாவிக்கொத்தைப் பையில் போட்டார். தன் காரிலேயே இருவரையும் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு விரைந்தார்.

பரிசோதித்துவிட்டு வந்த பெண் டாக்டர் முகத்தைச் சுளித்தார். "யூரின்ல தொற்று, முத்திப் போயிருக்கு. உடம்புல தண்ணியே இல்ல. வேலை பாக்குற எடத்துல குடிக்கத் தண்ணி கெடையாதா?"

"ஏன் இல்லாம? கேன் கேனா வாங்கிப் போட்டிருக்கேன் மேடம்" என்றார் சூப்பர்வைசர், கொஞ்சம் ரோஷமாகவே.

நாத்தனார் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "குடிச்சா போகணுமே. எங்க போறது?"

"அங்க என்ன கட்டுறீங்க?" என்றார் டாக்டர்.

"ஓட்டல்..." என்று இழுத்தார் சூப்பர்வைசர். எத்தனை கழிப்பறை என்று அடுத்துக் கேட்டுவிடுவாரோ என்று பயந்தார். டாக்டர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலே தேவலை.

வெளியே பெஞ்சில் நாத்தனார் மிச்சத்தையும் சொன்னாள். "ஆம்பளைங்க சுவரோரமா ஒதுங்கிக்கிறாங்க. நாங்க பூங்கா வாசல் வரைக்கும் நடக்கணும். போன மாசம் அண்ணி போயிட்டு வந்தப்ப, 'என்னம்மா, ரயிலேறிப் போயிட்டு வந்தியா?'ன்னு கேட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் நாங்க ஒருத்தரும் சாயங்காலம் வரைக்கும் தண்ணிய வாயில வைக்கிறதில்ல சார்."

கேட்டது அவருக்கு நினைவில்கூட இல்லை. சிரிப்பு மட்டும் நினைவுக்கு வந்தது. மகளின் பள்ளிக் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லையென்று தலைமையாசிரியரோடு மல்லுக்கு நின்றவர் அவர். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று மத்தியானமே தரைத்தளத்தில் நான்கு குளியலறைகளைப் பெண்களுக்குத் திறந்துவிட்டார். மேலிடத்திலிருந்து போன் பறந்து வந்தது. "விருந்தாளிங்க வர்ற எடம்யா அது!"

"கட்டுறவங்களும் மனுஷங்கதான் சார். வேணும்னா என்னை மாத்திக்குங்க" என்று வைத்துவிட்டார்.

ஆறாம் நாள் வெள்ளைக்கை அக்கா வேலைக்கு வந்தாள். அவர் அருகில் போய்த் தணிந்த குரலில், "தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சிருங்க" என்றார். முதல்முறையாக 'ங்க' போட்டார்.

அவள் கலவைச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மன்னிப்பை மட்டும் ரகசியமா கேக்குறீங்களே சார். அன்னிக்கு ஊருக்கே கேக்கத்தானே சொன்னீங்க?"

அவருக்குக் காது மடல் சுட்டது. கூடத்துக்குப் போய்க் கைதட்டி எல்லாரையும் கூப்பிட்டார். வேலையாட்கள் அறுபது பேரும் கூடி நின்றார்கள்.

"போன மாசம் இந்தம்மாவ நான் கிண்டல் பண்ணேன். நீங்களும் சிரிச்சீங்க. கழிப்பறைங்கிறது யாரும் யாருக்கும் போடுற பிச்சை இல்ல, உழைக்கிறவங்களோட உரிமை. அதைக் கொடுக்காம வேலை வாங்குறவன்தான் வெக்கப்படணும். என்னோட வெக்கத்தை இத்தனை நாளா இவங்க சுமந்திருக்காங்க."