ஒச்சம்மா அடித்ததில்லை

ஒச்சம்மா தன் மகளை ஒருநாளும் அடித்ததில்லை. அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவாள். பொய்யும் இல்லை. அடிக்க வேண்டுமென்றால் எதிரே ஒரு பிள்ளை நிற்பதாக ஒப்புக்கொள்ள வேண்டுமே!

நிக்கோபாரில், கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் இருந்த காலம் அது. மகள் ராஜகுமாரி ரப்பர்பால் வாளியைக் கவிழ்த்துவிட்டாலோ எதிர்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டாலோ, அத்தோடு அந்த வீட்டில் அவள் கிடையாது. ஒச்சம்மா அவளுக்குத் தட்டு வைக்கமாட்டாள். "அம்மா" என்று கூப்பிட்டால் காதில் விழாது. அப்பாவுக்கும் அதே உத்தரவு. பெண்டாட்டிக்குப் பயந்த மனுஷன், மகளைத் தாண்டிப் போய்ப் படுத்துக்கொள்வார். பக்கத்து வீட்டுப் பொன்னம்மா எட்டிப் பார்த்து, "புள்ள எங்க?" என்பாள். பிள்ளை வாசலிலேயே நிற்கும். "நமக்கு ஏது புள்ள?" என்பாள் ஒச்சம்மா. பொன்னம்மா சிரிப்பாள். பாவி, சிரிப்பாள்!

சுனாமி அப்பாவையும் பொன்னம்மாவையும் கொண்டுபோனது. மிஞ்சிய தாயும் மகளும் கப்பலேறிப் போர்ட் பிளேர் வந்து, கராச்சர்மாவில் குடியிருந்தார்கள்.

பத்து வருஷம் ஓடிவிட்டது. படுக்கையைவிட்டு எழ மனமில்லாமல் ராஜகுமாரி மாதக்கணக்கில் கிடந்தாள். துணிக்கடை வேலையும் போயிற்று. அதைக்கூடத் தாங்கலாம். காய் நறுக்கும்போது, கத்தி பிடித்திருக்கும் கை யாருடையதோ என்று தோன்றும். பேசினால் குரல் பக்கத்து அறையிலிருந்து வரும். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்ன வயசைப் பற்றிக் கேட்டபோது எல்லாவற்றையும் கொட்டினாள். கொட்டி முடித்ததும் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. இதெல்லாம் நடந்ததா, நானே கற்பனை செய்துகொண்டதா? பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது அம்மா ஒருத்திதான். அவள் வாயால் ஒரு "ஆமா" வந்தால் போதும், தன் புத்தியைத் தானே நம்பலாம்.

அடுத்த முறை அம்மாவையும் கூட்டிப் போனாள்.

"நானா? இது மேல ஒரு அடி வச்சதில்லீங்க" என்றாள் ஒச்சம்மா.

"நாள் கணக்குல பேசாம இருப்பீங்களாமே?"

"புத்தி பெசகிட்டா எதத்தான் சொல்லாது? பூரா பாகல், முழுப் பைத்தியம் ஆயிருச்சு, டாக்டரம்மா."

டாக்டரம்மா ராஜகுமாரியைப் பார்த்தார். ராஜகுமாரி தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா சொல்வதுதான் சரியாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

வெளியே வந்து பஸ் ஏறினார்கள். ஜன்னலோரம் ஒச்சம்மா, ஒட்டி ராஜகுமாரி.

"அம்மா, தண்ணி குடிக்கிறியா?"

பதில் இல்லை. களைப்பு போலும் என்று பாட்டிலை முகத்துக்கு நேரே நீட்டினாள். அங்கே பாட்டிலும் இல்லை, கையும் இல்லை என்பதுபோல ஒச்சம்மா வெளியே வேடிக்கை பார்த்தாள்.

கண்டக்டர் வந்தார். "கராச்சர்மா ரெண்டா?"

"ஏக்" என்றாள் ஒச்சம்மா, ஒற்றை விரலைக் காட்டி.

"பக்கத்துல ஒங்க மக இல்லையா?"

"நமக்கு ஏது புள்ள?"

ராஜகுமாரிக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது, வெட்கங்கெட்ட சந்தோஷம். நடந்திருக்கிறது. எல்லாமே நடந்திருக்கிறது! இறங்கி ஓடிப்போய் டாக்டரம்மாவிடம் சொல்லவேண்டும் என்று எழப் பார்த்தாள்.

"நீங்க எங்க போவணும்?" என்று கண்டக்டர் அவளைக் கேட்டார்.

மடியில் இரண்டு கைகள் கிடந்தன. அவை அசையவில்லை. அந்தப் பெண் என்ன பதில் சொல்லப்போகிறாள் என்று கண்டக்டரோடு சேர்ந்து ராஜகுமாரியும் காத்திருந்தாள்.