வங்கியை விட்டு நடந்த பதினெட்டாயிரம்

அக்டோபர் ஒன்பதாம் தேதி காலை பத்தேகாலுக்கு, டெக்சஸில் எங்கள் டல்வின் ஊர் வங்கியிலிருந்து பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது டாலர் வெளியே நடந்து போனது. வரிசைக்கு நான்கு நோட்டு, இடதுகால் முதலில். நோட்டுக்குக் கால் ஏது என்று கேட்டவர்கள் வெளியூர்க்காரர்கள். அன்றைக்குக் காபி ஒன்றேகால் டாலர்.

அது பள்ளி பேண்டு பெற்றோர் சங்கத்தின் பணம். வெள்ளிதோறும் கால்பந்து மைதானத்தில் சீஸ் ஊற்றிய சோளச்சிப்ஸ் விற்று ஆறு வருஷமாகச் சேர்த்தது. பழைய கம்பளிச் சீருடைக்குள் வெந்து, டியூபா ஊதும் மேவிஸ் ஒரே மாதத்தில் இரண்டு தடவை மயங்கி விழுந்திருந்தாள். புதுச் சீருடைக்கு வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டியாக வேண்டும். மேவிஸின் அம்மா லொரெட்டா வோய்டெக்தான் பொருளாளர். டயர் கடைக்காரி, சர்ச்சுக்கே பழைய டயரைத் தள்ளுபடியில்லாமல் விற்றவள். காசோலைக்கு இரண்டு கையெழுத்து வேண்டும் என்று விதி எழுதியவளும் அவளே. ஆனால் பித்தப்பை ஆபரேஷனுக்குப் போகுமுன், சிப்ஸ் சரக்குக்காரனுக்குக் கொடுக்க ஆகுமே என்று காசோலைப் புத்தகம் முழுக்கக் கையெழுத்துப் போட்டுச் சங்கத் தலைவர் கேலன் ப்ரூவிட்டிடம் கொடுத்துவிட்டாள். கேலனின் மகள் பேண்டில், ஆனால் மகன் கால்பந்து அணியில். மொத்தமும் புது ஸ்கோர்போர்டுக்கென்று கால்பந்துச் சங்கக் கணக்குக்குப் போய்விட்டது.

தையல் பிரிக்காத வயிற்றோடு லொரெட்டா வங்கிக்கு வந்தாள். கேலன் முன்னமே அங்கே நின்றான்.

"கிறிஸ்துமஸுக்குள்ள திருப்பிடறேன் லொரெட்டா. ஆட்டம் இல்லேன்னா உன் சிப்ஸை எவன் வாங்குவான்?"

"பேண்டு இல்லேன்னா இடைவேளையில எதைப் பார்ப்பாங்க, உன் வழுக்கையையா?"

"கையெழுத்து உங்களோடதுதானேம்மா?" என்றார் மேலாளர்.

"என்னோடதுதான். தப்பும் என்னோடதுதான். பணம் பிள்ளைங்களோடது. அது இல்லாம நான் நகர மாட்டேன்."

சொல்லிவிட்டு, பிள்ளைகள் மைதானத்துக்குள் நுழையும்போது முரசு கொட்டும் அந்த நாலு தட்டை மேஜைமேல் விரல் முட்டியால் தட்டினாள். பெட்டகம் திறந்துகொண்டது. தெருவுக்கு ஓடி வழிமறித்த கேலன் ஒரு இருபது டாலர் நோட்டைப் பிடித்தான். அவன் காலும் தாளத்துக்கு விழுந்துவிட, பேண்டு அறைவரை கூடவே நடந்தான். சிக்னலில் சிவப்பு விழுந்தபோது பணம் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் காத்திருந்தது. ஷெரீப் லாரிகளை நிறுத்தி வழிவிட்டார்.

அன்று மதியமே சீருடைக்குப் பணம் கட்டியாயிற்று. பழைய ஸ்கோர்போர்டில் எங்கள் அணிப் பக்கம் பத்தின் இலக்க விளக்கு எரியாது, ஒன்பது புள்ளிக்கு மேல் காட்டாது. அந்த வருஷம் அது தேவைப்படவும் இல்லை. மேவிஸ் மறுபடி மயங்கவில்லை. வருஷக் கடைசியில் வந்த தணிக்கையாளர், பணம் எப்படித் திரும்பியது என்று கேட்டார். லொரெட்டா ஒரு தாளை நீட்டினாள்: "நடந்து வந்தது." கீழே அவள் கையெழுத்து, அதன் பக்கத்தில் கேலனுடையது. இரண்டு கையெழுத்தும் இருந்ததால் அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.