கொக்கி மேடம் வீடு வாங்குகிறார்

ஓசூரில் வீட்டுக்கடன் கேட்டு அலைந்த யாரையாவது நிறுத்தி என் பெயரைச் சொல்லிப் பாருங்கள். தஸ்லிம் என்றால் முழிப்பார்கள். கொக்கி மேடம் என்றால் பல்லைக் கடிப்பார்கள். வங்கிக்காகப் பத்திரம் பார்த்து, 'இந்தச் சொத்தை நம்பிக் கடன் கொடுக்கலாம்' என்று எழுதிக் கொடுக்கும் பேனல் வக்கீல் நான். அப்படி எழுதிக் கொடுத்தால்தான் கடன் வரும். நானோ லேசில் எழுதுகிறவள் இல்லை. மூலப்பத்திரம் எங்கே, வாரிசுச் சான்றிதழ் எங்கே, கூடப் பிறந்தவள் கையெழுத்து எங்கே என்று கொக்கி போட்டுக்கொண்டே இருப்பேன்.

"சின்ன விஷயம் மேடம், அந்தம்மா கையெழுத்து போட்டுருவாங்க" என்று எதிரில் உட்கார்ந்து கெஞ்சுவார்கள்.

"சின்ன விஷயம்னா வாங்கிட்டு வாங்களேன்" என்பேன். அதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு குஷி கிளம்பும், பொய் சொல்ல மாட்டேன்.

அப்படிப்பட்ட என்னைக் கவிழ்த்தது ஒரு சமையலறை ஜன்னல்.

உத்தனப்பள்ளியில், ராயக்கோட்டை சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி அந்த வீடு. சென்னகிருஷ்ணன் என்ற விவசாயி, அப்பா விட்டுப்போன மனையில் தனக்காகக் கட்டியது. இப்போது மகனோடு கிருஷ்ணகிரியில் போய் இருக்கப்போவதால் விற்கிறார். சமையலறை ஜன்னலைத் திறந்தேன். வெளியே கண்ணுக்கெட்டிய மட்டும் சாமந்தித் தோட்டம். காற்று வந்து முக்காட்டைத் தள்ளியது. கல்யாணமான நாளிலிருந்து பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தே சமைத்தவள் நான். அப்படியே நின்றுவிட்டேன்.

"தஸ்லி, பத்திரம் பாக்கலியா?" என்றார் என் கணவர் ஷோயப். சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் மனுஷர், எதையும் நிதானமாகத்தான் கேட்பார்.

"அதெல்லாம் பாத்துக்கலாம்ங்க" என்றேன். ஷோயப் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார், காய்ச்சலா என்று.

அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தம் போட்டு, என் வங்கியிலேயே கடனும் கேட்டோம். வெள்ளிக்கிழமைக்குள் கிரையம் முடிய வேண்டும். முடியாவிட்டால் வீடு பெங்களூர்ப் பார்ட்டி ஒருவருக்குப் போய்விடும். அவர் கையில் ரொக்கத்தோடு காத்திருக்கிறார்.

என் ஃபைலை நானே பார்க்க முடியாது, அது வங்கி விதி. பேனலில் இருக்கும் வேறொரு வக்கீலுக்கு அனுப்புவார்கள். யாருக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று விசாரித்தேன். திருமலை சாருக்காம்! ஷோயபின் இரண்டு கையையும் பிடித்து ஒரு சுற்று சுற்றினேன். திருமலை சார் ஒரு ஃபைலுக்கும் கொக்கி போட்டதாகச் சரித்திரமே கிடையாது. காலையில் போன ஃபைல் சாயங்காலம் கையெழுத்தோடு வந்துவிடும். அவர் எழுதிக் கொடுக்கும் ஒப்பீனியன் கோயில் பிரசாதம் மாதிரி, கை நீட்டினால் கிடைக்கும் என்று கோர்ட் கேன்டீனில் எத்தனை தடவை கிண்டல் செய்திருப்பேன்.

மறுநாள் அவரே போன் செய்தார். "மேடம், ஒரு சின்ன கொக்கி."

"நீங்களா சார்? கொக்கியா?"

"வாரிசுச் சான்றிதழ்ல சென்னகிருஷ்ணனுக்கு ஒரு அக்கா இருக்காங்க. நாராயணம்மா. அப்பா உயில் எழுதல. அவங்களும் சேந்து கையெழுத்து போடணுமே."

"நீங்க யாருக்குமே கொக்கி போட மாட்டீங்களே சார்!"

"மத்தவங்க ஃபைல்னா போட மாட்டேன் மேடம். இது உங்க ஃபைல். நாளைக்கு நீங்களே எடுத்துப் படிச்சிட்டு, இந்தாளு அக்காவ விட்டுட்டான்னு கேன்டீன் முழுக்கச் சொல்லுவீங்க."

"சத்தியமா சொல்ல மாட்டேன்."

"சொல்லுவீங்க மேடம்."

சொல்லியிருப்பேன். அதனால் பேச்சை மாற்றினேன். "சின்ன விஷயம் சார், அந்தம்மா கையெழுத்து போட்டுருவாங்க."

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் திருமலை சார் சிரித்தார் பாருங்கள், ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்.

"சின்ன விஷயம்னா வாங்கிட்டு வாங்களேன்" என்றார்.

சென்னகிருஷ்ணனிடம் ஓடினேன். "அக்கா அத்திப்பள்ளில இருக்குதுங்க மேடம். பேச்சு வார்த்த கெடையாதுங்க" என்றார். ஏன் என்றேன். தலையைச் சொறிந்தார். "எனக்கு அப்ப ஏதோ கோவங்க. இந்த வீட்டுக்குக் குடி வரப்போ அக்காவுக்குப் பத்திரிக வெக்கல. வேணும்னேதான் வெக்கல." பிறகு மெதுவாகச் சொன்னார், "அந்த பெங்களூர்க்காரரு அக்காவப் பத்தியே கேக்கலீங்களே."

கேட்க மாட்டார்தான். கடன் வாங்காதவருக்குப் பேனல் வக்கீல் கிடையாது. பின்னால் வழக்கு வந்தால் வரட்டும் என்று வாங்கிப் போட்டுவிடுவார். "அந்த வழக்குல மொதல்ல உங்களத்தான் கூண்டுல ஏத்துவாங்க" என்று மிரட்டி, அவரைக் காரில் ஏற்றி, ஷோயபும் நானுமாகக் கர்நாடக எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளிக்கு வண்டியை விட்டோம்.

நாராயணம்மா வாசலில் உட்கார்ந்து அவரைப் பருப்பு பிதுக்கிக்கொண்டிருந்தார். தம்பியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எதற்கு வந்தோம் என்று என்னிடம்தான் கேட்டார். அப்பா மனை, இரண்டு பிள்ளைகள், இரண்டு பேருக்கும் பாத்தியதை, அதனால் இரண்டு பேரும் சேர்ந்துதான் விற்க வேண்டும் என்று விளக்கினேன்.

"ஹௌதா? அப்படியா? அப்ப நானும் விக்கறவளா?"

"ஆமாம்மா."

"யாரு சொன்னது?"

"பேங்க் வக்கீல். திருமலைன்னு ஒருத்தர்."

"அந்த மவராசன் நல்லா இருக்கட்டும்" என்று எழுந்தார். "விக்கற பொருள பாக்காம எப்படி விக்கறது? வண்டிய எடுங்க."

பிதுக்கிய பருப்புக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வழியெல்லாம் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்குள் கால் வைத்ததும் ஆளே மாறிவிட்டார். அதுவரை அந்த வீட்டைக் கண்ணால் பார்த்திராதவர், எனக்கு அதை விற்க ஆரம்பித்தார். "இந்தத் தரைய பாரும்மா, வழுக்குமா சொல்லு! இந்தக் கதவு தட்டிப் பாரு! இந்த மாதிரி வீடு ஓசூருல காட்டு பாக்கலாம்!" நான் தலையாட்டிக்கொண்டே பின்னால் ஓடினேன். ஷோயபும் கதவைத் தட்டிப் பார்த்தார். கடைசியில் சமையலறை. நாராயணம்மா ஜன்னலைத் திறந்தார். காற்று வந்து அவர் முந்தானையைத் தள்ளியது. அப்படியே நின்றுவிட்டார்.

அப்படி நிற்பது என்னவென்று எனக்குத் தெரியாதா?

"இத நான் விக்க மாட்டேன்" என்றார்.

சென்னகிருஷ்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். ஷோயப் என்னைப் பார்த்தார். கெஞ்சத்தான் வாயைத் திறந்தேன். பழக்கதோஷம், வக்கீல்தான் பேசினாள். "இஷ்டம் இல்லன்னா விக்க வேணாம்மா. உங்கள யாரும் கட்டாயப்படுத்த முடியாது. நானும் முடியாது, உங்க தம்பியும் முடியாது." சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். அந்த ஜன்னல் மேல் எனக்கு அவ்வளவு ஆசை.

"ஏம்மா, ஜன்னலுக்கா அழுவற?"

"ஆமாம்மா."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அத்தனை நேரத்தில் முதல் தடவையாகத் தம்பியிடம் திரும்பினார். "ஏண்டா, தம்பி வீடு கட்டினா அக்காதானே வந்து பால் காய்ச்சணும்? நான் பால் காய்ச்சாத வீட்ட நான் எப்படிடா விப்பேன்?"

சென்னகிருஷ்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். பேரன் பேத்தி எடுத்த மனிதர், பால் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு அதே ஓட்டத்தில் திரும்பி வந்தார். நாராயணம்மா அடுப்பைப் பற்ற வைத்தார். நாங்கள் நான்கு பேரும் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். பால் எழும்பி நாலாபக்கமும் வழிந்தபோது யார் முதலில் கத்தினார்கள் என்று தெரியாது. ஷோயப் விசில் அடித்தார். அவருக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். முதல் டம்ளரைச் சென்னகிருஷ்ணன் எடுத்து, "குடிக்கா" என்று நீட்டினார்.

"அப்பா பங்கு நாங்க பேசிக்கறோம். அது எங்க வீட்டு சமாச்சாரம்" என்று என்னிடம் சொன்னார் நாராயணம்மா. "நீ பத்திரத்த எழுது."

திருமலை சார் அன்று சாயங்காலமே கொக்கியை எடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு அத்திப்பள்ளியிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. மருமகள்கள், பேத்திகள், எல்லோரும் பட்டுப்புடவை, தலை நிறையக் கனகாம்பரம். வேடிக்கை பார்க்க வந்த திருமலை சாரின் கையில் நாராயணம்மா ஒரு பை அவரைக்காயைத் திணித்தார். அவர் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசிவரை கட்டிப்பிடித்துக்கொண்டே நின்றார்.

பதிவாளர் எல்லோரிடமும் கேட்பதுபோல், காகிதத்திலிருந்து தலையை எடுக்காமல் கேட்டார். "நாராயணம்மா. உங்க சம்மதத்தோடதான் விக்கறீங்களா?"

நாராயணம்மா தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேனில் வந்த அத்தனை பேரையும் ஒரு முறை பார்த்தார்.

"இன்னொரு வாட்டி கேளுங்க சார்" என்றார். "என்னப் பாத்து கேளுங்க."

பதிவாளர் நிமிர்ந்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து, மறுபடி முழுதாகக் கேட்டார்.

"சம்மதம்" என்றார் நாராயணம்மா, வாய் கொள்ளாத சிரிப்போடு.